பழைய வண்டிக்குப் பாதுகாப்பு: ட்ரெய்லர் லைட்டும் பிள்ளையின் பெல்ட்டும்



நம் தோட்ட ரோட்டுகளில் ஓடும் வண்டிகளில் பல, அவற்றை ஓட்டுகிறவர்களைவிட வயதில் மூத்தவை. 1960களில் வந்த மெஸி பேர்குசன் 135 டிராக்டர் இன்னும் கொழுந்து இழுக்கிறது. பிள்ளைகளை ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகும் டொல்பின் வேனும் பழையதுதான். பழசு என்பதற்காக இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இரண்டு குறைகளைக் கொஞ்சச் செலவில் தீர்க்கலாம். ஒன்று, ட்ரெய்லருக்குப் பின்னால் லைட் இல்லாதது. மற்றது, வேனில் பிள்ளைக்குப் பெல்ட் இல்லாதது.

இரண்டு வேலையிலும் ஒரே பிழைதான் நடக்கிறது. கராஜில் நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும், ரோட்டில் இறங்கியதும் கைவிட்டுவிடும். லைட்டுக்கு எர்த் சரியில்லை, பெல்ட்டுக்குப் பிடிமானம் சரியில்லை என்பதே காரணம். இன்றைய பாடம் இதைப் பற்றியது.

முதலாம் பகுதி: ட்ரெய்லர் லைட்

பின்னேரக் கொழுந்து நிறுத்து ஏற்றி, ட்ரெய்லர் ஸ்டோருக்குப் போகும்போது பல நாள் இருட்டிவிடும். நானுஓயா, ரம்பொடை, கினிகத்தேனைப் பக்கம் மூடுபனி இறங்கினால் பகலிலும் பத்து முழம் தெரியாது. டிராக்டரின் லைட் முன்னால் இருக்கிறது. பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரிவது ட்ரெய்லரின் முதுகு மட்டுமே.

1. முதலில் வோல்ட் பாருங்கள். டிராக்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், பெரிய லொறிகள் பல 24 வோல்ட். 24 வோல்ட் லொறியில் 12 வோல்ட் பல்பு போட்டால் போட்டவுடனே எரிந்து போகும். 12 வோல்ட் டிராக்டரில் 24 வோல்ட் பல்பு மங்கி நிற்கும்.

2. ஏழு ஊசி பிளக்கைப் பயன்படுத்துங்கள். பல நாடுகளில் பழக்கத்தில் உள்ள 12 வோல்ட் வயர் ஒழுங்கு இது:

1 – மஞ்சள்: இடது சிக்னல்
2 – நீலம்: மூடுபனி லைட்
3 – வெள்ளை: எர்த்
4 – பச்சை: வலது சிக்னல்
5 – பிரவுண்: வலது பின் லைட்
6 – சிவப்பு: பிரேக் லைட்
7 – கறுப்பு: இடது பின் லைட், நம்பர் பிளேட் லைட்

பழைய ட்ரெய்லரில் முன்னர் வேலை செய்த பாஸ் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

3. எர்த் வயரைத் தனியாக இழுங்கள். "இரும்போட இரும்பு தொடுதே, எர்த் தன்னால வந்துரும்" என்று சொல்வார்கள். கராஜில் வரும்தான். ஆனால் ட்ரெய்லர் கொளுவும் ஊசியில் கிரீஸ், துரு, சேறு எல்லாம் இருக்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். அதனால் பிளக்கின் 3ஆம் ஊசியிலிருந்து ஒவ்வொரு லைட் வரைக்கும் வெள்ளை வயர் போக வேண்டும். மற்ற வயர்களைவிட அது தடித்ததாக இருக்கட்டும், ஏனெனில் எல்லா லைட்டின் மின்சாரமும் அதன் வழியாகவே திரும்புகிறது.

எர்த் கெட்டுப் போனதை அறிய ஓர் அடையாளம் உண்டு. பிரேக்கை மிதித்தால் பின் லைட் மங்குகிறதா? சிக்னல் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னுகிறதா? பல்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

4. பாரத்தைக் கணக்குப் போடுங்கள். பிரேக் பல்பு ஒன்று 21 வாட். இரண்டுக்கு 42 வாட். அதை 12ஆல் வகுத்தால் மூன்றரை அம்பியர். ட்ரெய்லரில் இரண்டு கூடினால் டிராக்டரின் பழைய சுவிச்சில் இரட்டிப்புப் பாரம் விழும். ஆகவே ட்ரெய்லர் லைட்டுக்குத் தனி ரிலேயும் தனி பியூசும் போடுவது நல்லது. சிக்னலின் பழைய பிளாஷர் கூடிய பல்பைத் தாங்காமல் வேகம் மாறி மின்னும். எல்.ஈ.டி லைட் போட்டால், பாரம் குறைவு என்பதால், மின்னாமலே நிற்கவும் கூடும். இரண்டுக்கும் எலெக்ட்ரோனிக் பிளாஷரே பரிகாரம்.

5. லைட்டை வைக்கும் இடம். பின் கதவைத் திறந்து தொங்கவிட்டாலும், கொழுந்துச் சாக்கு வெளியே தள்ளினாலும் மறையாத இடமாக இருக்க வேண்டும். இடமும் வலமும் ஓரத்தோடு ஒட்டி வையுங்கள், வண்டியின் அகலம் அப்போதுதான் தெரியும். வயரைக் குழாய்க்குள் விட்டுச் சட்டத்தோடு கட்டுங்கள். கொளுவும் இடத்தில் திரும்புவதற்குத் தேவையான அளவு தளர்த்தி விடுங்கள், ஆனால் தரையில் இழுபடக் கூடாது.

6. கடைசியாக, சிவப்பு ரிப்ளெக்டர் இரண்டு. இதற்கு வயரும் வேண்டாம், பெட்டரியும் வேண்டாம். எல்லா லைட்டும் கெட்ட நாளில் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது இது மட்டுமே. சேற்றைத் துடைத்து வைப்பதே இதற்கான பராமரிப்பு.

ஒரு முக்கிய விஷயம். லைட் பூட்டிவிட்டதால் ட்ரெய்லர் ஆள் ஏற்றும் வண்டி ஆகிவிடாது. அதில் பெல்ட்டுக்கும் இடமில்லை, பிள்ளைக்கும் இடமில்லை.

இரண்டாம் பகுதி: பிள்ளையின் பெல்ட்

"நான்தான் மடியில இறுக்கிப் புடிச்சிருக்கேனே" என்று தாய்மார் சொல்வது வழக்கம். கணக்கைப் பாருங்கள். வேன் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போய் மதகில் மோதுகிறது. அது நிற்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு என்று வைப்போம். அந்த நொடியில் 10 கிலோ பிள்ளை ஏறத்தாழ 85 கிலோ பாரமாகக் கையை இழுக்கும். ஒன்றரை மூட்டை அரிசியைவிடக் கூட. தாயின் அன்பு குறைவில்லை, எந்தக் கைக்கும் அந்தப் பலம் இல்லை.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டை வொல்வோ கம்பனியின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் அமைத்தார். நம் நாட்டில் முன் சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 2011இல். ஆனால் பழைய வேன்களின் பின் சீட்டில் பெல்ட்டே இருக்காது, அல்லது இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கும்.

பெல்ட் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. வேனின் அடியில் குனிந்து, தொழிற்சாலையிலேயே விட்ட நூல் வெட்டிய துளை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பல வண்டிகளில் பிளாஸ்டிக் மூடியின் கீழே இருக்கும். பெல்ட் போல்ட்டின் வழக்கமான அளவு பதினாறில் ஏழு அங்குலம். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் வேண்டாம், பெல்ட்டுக்கென்றே வரும் உறுதியான போல்ட்டை வாங்குங்கள்.

2. அப்படித் துளை இல்லாவிட்டால் தரைத் தகட்டில் சும்மா ஓட்டை போட்டு வொஷரோடு முறுக்குவது வேலை அல்ல. இழுப்பு வரும்போது மெல்லிய தகடு கிழிந்து போல்ட் மேலே வந்துவிடும். உள்ளங்கை அளவு, 3 மில்லிமீற்றர் கனமுள்ள இரும்புத் தகட்டை அடியில் கொடுத்து இறுக்க வேண்டும். துரு தின்ற இடத்தில் எந்தத் தகடும் உதவாது. துளைக்குமுன் எண்ணெய்த் தாங்கி, பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். இது தெரிந்த பாஸ் செய்ய வேண்டிய வேலை.

3. மோதிய வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட்டை வாங்காதீர்கள். ஒருமுறை இழுபட்ட நாடா மறுமுறை அதே அளவு தாங்காது. ஓரம் பிய்ந்த நாடாவும் வெயிலில் வெளுத்த நாடாவும் அப்படியே.

4. கைக்குழந்தையின் சீட் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தையின் கழுத்து பலமில்லாதது, தலை பாரமானது. முன்னால் ஏர்பேக் உள்ள சீட்டில் அப்படி ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் நேரே குழந்தைச் சீட்டின் முதுகில் அடிக்கும்.

5. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்டுக்கு மூன்று முனைப் பெல்ட் கட்டாயம் வேண்டும். இடுப்புப் பெல்ட்டோடு அதைப் பாவிக்கக் கூடாது. பெல்ட் தோளின் நடுவிலும் இடுப்பெலும்பின் மேலும் படிய வேண்டும். கழுத்திலோ வயிற்றிலோ விழுந்தால் பெல்ட்டே காயம் செய்யும். ஏறத்தாழ 4 அடி 9 அங்குலம் வளரும்வரை உயர்த்தும் சீட் நல்லது.

6. பக்கவாட்டாகப் பூட்டிய பெஞ்சில் பிள்ளைச் சீட்டைக் கட்டாதீர்கள். ஒரு பெல்ட்டுக்குள் இரண்டு பிள்ளைகளையும் போடாதீர்கள்.

யார் பார்ப்பது?

வண்டி தோட்டத்துடையதோ வெளியாருடையதோ, பார்க்கும் கண் நம்முடையது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் பின்னால் நின்று, "அண்ணே, பிரேக்கை மிதிங்க, இப்ப இடது, இப்ப வலது" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். வேனில் பிள்ளையை ஏற்றும்போது பெல்ட்டைக் கையால் பலமாக வெட்டி இழுத்துப் பாருங்கள். அசைந்தால் டிரைவரிடம் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

பாடம் விளங்கியதா?

கேள்வி 1: பிரேக் மிதிக்கும்போது பின் லைட் மங்கினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
கேள்வி 2: எட்டு வயதுப் பிள்ளையின் பெல்ட் கழுத்தில் உரசுகிறது. என்ன செய்வீர்கள்?
கேள்வி 3: தரைத் தகட்டில் வொஷர் மட்டும் வைத்துப் பெல்ட் பூட்டினால் என்ன நடக்கும்?

விடைகள்: 1. எர்த் வயர். 2. மூன்று முனைப் பெல்ட் உள்ள இடத்தில் உயர்த்தும் சீட்டில் உட்கார வைப்போம். 3. மோதும்போது தகடு கிழிந்து போல்ட் கழன்று வரும்.

வாசித்து முடித்ததும் இந்தத் தாளை உங்கள் லயத்தில் டிராக்டர் ஓட்டுகிற, வேன் ஓட்டுகிற ஒருவரிடம் கொடுங்கள்.