அக்குபஞ்சர் சிகிச்சை: யாரிடம் செல்வது?

வாலாஜாபாத்திலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நம் மருத்துவமனைக்கு வருவோரில் நெசவாளர் குடும்பத்தினர் பலர். குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து, கழுத்தைக் குனிந்து இழையைப் பார்த்து, காலால் மிதியை மிதித்து, கையால் நாடாவைச் செலுத்தும் உழைப்பு கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றை ஒருசேர வருத்துகிறது. வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும் என்று எச்சரிப்பவர்களும் நாங்களே. ஆகவே, "அக்குபஞ்சர் செய்துகொள்ளலாமா, டாக்டர்?" என்ற கேள்வி புறநோயாளர் பிரிவில் எழுவது இயல்பே. நாட்பட்ட வலிக்குச் செய்துகொள்ளலாம் என்பது என் விடை. யாரிடம் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

அக்குபஞ்சர் சீன மருத்துவத்தின் ஒரு பிரிவு. மெல்லிய ஊசிகளைத் தோலில் குறிப்பிட்ட இடங்களில் செருகுவது அதன் முறை. 1938இல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் அடங்கிய குழு சீனாவுக்குச் சென்றது. அவர்களுள் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் கோட்னிஸ் 1942இல் அங்கேயே மறைந்தார். மற்றொருவரான டாக்டர் பிஜோய் குமார் பாசு பின்னர் மீண்டும் சீனா சென்று இக்கலையைக் கற்று, 1959இல் கொல்கத்தாவில் இதனைத் தொடங்கினார். முறையாக மருத்துவம் பயின்ற ஒருவர், மேலும் பயின்று கொண்டுவந்த கலை இது. வார இறுதி வகுப்பில் கிடைத்த சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் அறைகளைக் காணும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

பயன் எவ்வளவு? முதுகுவலி, முழங்கால் வலி, அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றில் சிலருக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது. உண்மையான ஊசியையும் ஊசி செருகியதுபோன்ற பாவனையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வேறுபாடு சிறிதாகவே காணப்பட்டது. நீரிழிவு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றை ஊசி குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சட்ட நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. பதிவுபெற்ற மருத்துவரோ தக்க பயிற்சி உடையவரோ செய்யத்தக்க சிகிச்சை முறை என மத்திய அரசு 2003இல் இதனை ஏற்றது. 2019 பிப்ரவரியில் தனிச் சிகிச்சை முறையாக ஏற்று ஆணையிட்டது. மேற்கு வங்காளம் 1996இலும் மகாராஷ்டிரம் 2015இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. எனவே, "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பலகையில் எழுதியிருந்தால், அங்கீகாரம் சிகிச்சை முறைக்கா, ஊசி போடுபவருக்கா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? சட்டப்படி பதிவுபெற்ற மருத்துவரா என்பதை முதலில் பாருங்கள். பி.என்.ஒய்.எஸ். எனப்படும் இயற்கை மருத்துவ, யோகா அறிவியல் பட்டம் பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு; அதன் பாடத்திட்டத்தில் அக்குபஞ்சர் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் இதற்கான அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. எம்.பி.பி.எஸ். முடித்துத் தனிப் பயிற்சி பெற்றவர்களும் உள்ளனர். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு அன்று. என் பதிவு எண் நான் எழுதித் தரும் மருந்துச்சீட்டில் இருக்கிறது. அதுபோல அவரும் காட்டலாம்.

பயிற்சிக் காலத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருத்துவர் அல்லாதவர் அக்குபஞ்சர் செய்ய 2,500 மணி நேரப் பயிற்சி தேவை; அதில் 1,000 மணி நேரமாவது செய்முறையாக இருத்தல் வேண்டும். மருத்துவர் தம் துறைக்குள் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவதற்கே குறைந்தது 200 மணி நேரம். "எத்தனை நாள் பயின்றீர்கள்? யாருடைய மேற்பார்வையில்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இவ்வளவு ஆராய வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். நெசவாளருக்கு அதிகம் வலிப்பது தோள்மேடு. அங்கேதான் பெரும்பாலும் ஊசி செருகப்படும். அதன் கீழே சிறிது ஆழத்திலேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. உடற்கூறு அறியாதவர் ஆழமாகச் செருகினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து மூச்சுத் திணறும். ஜெர்மனியில் 2009இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்ற 2,29,230 பேரில் இருவருக்கே இது நேர்ந்தது. அங்கு ஊசி செருகியவர்கள் அனைவரும் அக்குபஞ்சர் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் என்பதை மறக்கலாகாது. சிகிச்சைக்குப் பின் மார்பு வலியோ மூச்சிரைப்போ தோன்றினால், மறுநாள் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படுத்தப்படுவதாய், உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படுவதாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் மஞ்சள்காமாலை வைரசும் எச்.ஐ.வி.யும் பரவலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், இதய முடுக்கி பொருத்தப்பட்டோரும், கருவுற்றோரும் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்குச் சூட்டு ஒத்தடம் கூடவே கூடாது; தீப்புண் ஏற்பட்டாலும் அவருக்குத் தெரியாது.

ஆனால் நான் மிகவும் அஞ்சுவது ஊசியை அன்று. "எல்லா மருந்தையும் நிறுத்திவிடுங்கள்" என்ற சொல்லையே. முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலத்தன்மை அடைந்து உயிருக்கு ஆபத்து நேரும். காசநோய் மருந்தை இடையில் விட்டால் அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வளரும். நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனையே வேண்டாம், மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்பவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முறையாகப் பயின்றவர் தம் எல்லையை அறிவார். உங்கள் பழைய மருந்துச்சீட்டைக் கேட்டுப் படிப்பார்.

சிலர் ஊசியோடு பெயரில்லாப் பொடிகளையும் தருகிறார்கள். பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில் 1990களின் தொடக்கத்தில், உடல் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. ஏறத்தாழ ஒரே பெயருடைய இரு மூலிகைகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று கலந்துவிட்டதே காரணம். அந்த நச்சுச் செடி அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனத்தவை. மூலிகைதானே என்று அலட்சியம் வேண்டாம். மூட்டுவலிப் பொடி எனத் தரப்படுவனவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. வலி ஒரே நாளில் மறைந்து, சில வாரங்களில் முகம் வீங்கி, சர்க்கரை ஏறினால் அதை ஐயுற வேண்டும். அத்தகைய பொடியை நீங்களாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. எங்களிடம் கொண்டு வாருங்கள்.

சித்த மருத்துவத்தையோ வர்மத்தையோ நாடுவோருக்கு வழி சற்று எளிது. பி.எஸ்.எம்.எஸ். பட்டம் பெற்றவர் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருப்பார். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கிவருகிறது. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் செல்லும் ரயிலில் தாம்பரம் சேரலாம்.

எங்குச் சென்றாலும் எங்களிடம் மறைக்காதீர்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். அடுத்த முறை வரும்போது அங்கே தரப்பட்ட சீட்டு, புட்டி, பொட்டலம் எதுவாயினும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத பொடியானால், அதை உண்ணத் தொடங்கிய நாளையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். தேவையான இரத்தப் பரிசோதனையை அன்றே செய்துவிடலாம்.