கப்பல் உந்துதண்டின் முறுக்கு அதிர்வு

சுழலும் தண்டில் தோன்றும் அதிர்வுகளில் இருவகை முதன்மையானவை. தண்டு வில்போல் வளைந்து பக்கவாட்டில் ஆடுவது குறுக்கு அதிர்வு. தண்டின் ஒரு பகுதி மற்றொரு பகுதியை நோக்க முன்னும் பின்னுமாக முறுக்கிக்கொள்வது முறுக்கு அதிர்வு. முன்னது தாங்கியின்மீது வைத்த கைக்கே புலப்படும். பின்னது பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஆயினும் கப்பலின் உந்துதண்டையே முறிக்கவல்லது.

குறுக்கு அதிர்வை அளக்கும் முறைக்கு, ஐதராபாத்தைச் சார்ந்த பட்டான்செருவுக்கு அருகே இராமச்சந்திரபுரத்திலுள்ள பாரத மிகுமின் நிறுவனத் தொழிற்சாலை நல்ல எடுத்துக்காட்டு. அங்குச் செய்யப்படும் டர்பைன்களின் சுழல்தண்டு, காற்று நீக்கிய கூடத்தில் மிகுவேகத்தில் சுழற்றிச் சோதிக்கப்படுகிறது. தண்டின் அலகுகள் காற்றில் உராய்ந்து சூடேறாதிருக்கவே காற்று நீக்கப்படுகிறது. எடை ஒருபுறம் சற்று மிகுந்திருப்பின், ஒவ்வொரு சுற்றுக்கும் தாங்கி ஒருமுறை அதிரும். அவ்வதிர்வைக் கருவியால் அளந்து, உரிய இடத்தில் சிறு எடை சேர்த்தோ நீக்கியோ தண்டு சமன்செய்யப்படும்.

கப்பலில் இம்முறை மட்டும் போதாது. அங்கு எஞ்சின் ஒரு முனையிலும் உந்துசக்கரமாகிய புரொப்பெல்லர் மறுமுனையிலும் இருக்க, இடையிலுள்ள நீண்ட எஃகுத் தண்டு சுருள்வில்போல் செயற்படுகிறது. எஞ்சினின் உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியுந்தோறும் தண்டு ஓர் உதை பெறுகிறது. அவ்வுதைகளின் எண்ணிக்கை தண்டின் இயல் அதிர்வெண்ணுடன் ஒன்றினால் ஒத்ததிர்வு நேர்ந்து, முறுக்கு பன்மடங்காகும்.

ஒரு கணக்கு இதனை விளக்கும். இருவீச்சு எஞ்சினில் 6 உருளைகள் உள்ளன எனக் கொள்க. ஒரு சுற்றுக்கு 6 உதைகள். இயல் அதிர்வெண் வினாடிக்கு 6, அதாவது நிமிடத்திற்கு 360 எனின், நிமிடத்திற்கு 60 சுற்று என்னும் வேகமே அபாய வேகம். முழுவேகம் 120 சுற்றாயினும், பாதி வேகத்திலேயே தண்டு மிகுதியாக வருந்துகிறது. எனவே அபாய வேகத்தை ஒட்டிய பகுதி வேகமானியில் சிவப்பாகக் குறிக்கப்படும். எஞ்சின் அப்பகுதியில் நிலைத்து ஓடலாகாது; விரைந்து கடத்தல் வேண்டும். 1902-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃப்ராம், கப்பல் தண்டுகளில் அளவெடுத்து இவ்வுண்மையை நிறுவினார்.

அளக்கும் கருவி எளியது. உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதைக் கெல்வின் பெருமகனார் 1856-இல் கண்டார். இத்தத்துவத்தில் 1938-இல் உருவானதே திரிபுமானி. முறுக்கப்படும் தண்டின் மேற்பரப்பு, அச்சுக்கு 45 பாகைச் சாய்வில் மிகுதியாக இழுபடும். அதற்குச் செங்குத்தான திசையில் அமுக்குறும். ஆகையால் இவ்விரு திசைகளிலும் நான்கு திரிபுமானிகள் ஒட்டப்பட்டு, மின்சுற்றுப் பாலமாக இணைக்கப்படுகின்றன. வளைவாலும் வெப்பத்தாலும் நேரும் மாறுதல்கள் ஒன்றையொன்று நீக்க, முறுக்கு மட்டும் எஞ்சும். சுழலும் தண்டிலிருந்து அக்குறிகை வானொலி அலையாக வெளிவரும்.

பின்பு வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு வேகத்திலும் குறிகையை அதன் அதிர்வெண்களாகப் பிரித்தல் வேண்டும். மேற்கண்ட எஞ்சினில், சுற்றைப்போல் 6 மடங்கு அதிர்வெண் உடைய கூறு வளர்ந்து, 60 சுற்றில் உச்சம் எய்தித் தணியும். முறுக்கின் மொத்த அளவை மட்டும் குறித்தால் காரணம் விளங்காது. அதிர்வெண்ணே காரணத்தைக் காட்டும். உந்துசக்கரத்தைக் கனமானதாக மாற்றினால் இயல் அதிர்வெண் குறையுமாதலால், அளவை மீண்டும் எடுத்தல் இன்றியமையாதது.

வகுப்பறையில் இதன் ஒரு பகுதியைச் செலவின்றிக் காட்டலாம். சுண்ணக்கட்டியை இரு கைகளாலும் பற்றி முறுக்கினால், அது நேராக ஒடியாமல் 45 பாகைச் சாய்வில் திருகுபோல் உடையும். முறுக்கு அதிர்வால் நெடுநாள் சோர்ந்த கப்பல் தண்டிலும் விரிசல் பெரும்பாலும் இச்சாய்விலேயே ஓடும். எனவே தண்டைச் சோதிப்போர் இத்தகைய மயிரிழைக் கோட்டைக் கண்டால் எஞ்சினை உடனே நிறுத்துதல் கடமையாகும்.