பூட்டுக்குள் முறிந்த திறப்பு

சென்ற மாரி காலத்தில் ஒரு மாலைப்பொழுது. முன்னேஸ்வரத்தில் தென்னந்தோட்டம் ஒன்றின் ஓரமாகக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தவர் தமது றங்குப் பெட்டியைத் துவிச்சக்கர வண்டியில் கட்டி எம்மிடம் கொண்டுவந்தனர். பெட்டியில் ஆமைப்பூட்டு தொங்கியது. திறப்பின் தலை தாயின் கையில் இருந்தது. மீதி பூட்டுக்குள் இருந்தது. வடக்கில் விட்டுவந்த வயற்காணியின் அனுமதிப்பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் பெட்டிக்குள். மறுநாள் காலை அவற்றோடு பிரதேச செயலகத்தில் நிற்க வேண்டும். தகப்பனார் முன்யோசனையாகச் சுத்தியலையும் கொண்டுவந்திருந்தார்.

சுத்தியல் தேவைப்படவில்லை. பெட்டி திறந்தது, பூட்டும் பிழைத்தது. அன்று என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை எழுதித் தருமாறு அயலவர் சிலர் கேட்டதனால் இம்முறை இதனையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

சின்னக் காரியம்தானே என்று சிலர் நினைக்கலாம். சொந்த ஊரில், சுற்றிவர உறவினர் இருக்கும் வீட்டில், அது சின்னக் காரியந்தான். இடம்பெயர்ந்தவரின் நிலை வேறு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களுக்கு ஊரைவிட்டு வெளியேற இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. அவர்களிலும், மன்னார் முதலிய வட மாவட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களிலும் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். போர்க்காலத்தில் வேறு பல குடும்பங்களும் இக்கரையோரத்துக்கு வந்து சேர்ந்தன. கிடுகு வேலியும் தகரக் கூரையுமாக இருந்த அக்குடிசைகளில் உண்மையாகப் பூட்டக்கூடிய இடம் அந்த ஒரு பெட்டிதான். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிள்ளையின் சான்றிதழ் எல்லாம் அதற்குள்ளேதான் கிடந்தன. அந்தப் பழக்கம் கல்வீடு கட்டிய பிறகும் பலரை விட்டுப் போகவில்லை. பூட்டை உடைத்தால் நாதாங்கியும் கிழியும். நாதாங்கி கிழிந்தால் மூடி சரியாகப் பொருந்தாது. அடுத்த மழையில் தண்ணீர் கடதாசிக்குள் போகும். ஆகவே பூட்டின் விலையை மட்டும் கணக்குப் பார்க்க முடியாது.

முதலில் பூட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்வோம். இப்போது கடைகளில் விற்கும் தட்டைத் திறப்புப் பூட்டுகளின் தத்துவம் மிகப் பழையது. எகிப்தியர் மரத்தாலேயே அத்தகைய பூட்டுகளைச் செய்தனர். அதனை இன்றைய சிறிய உலோக வடிவத்துக்குக் கொண்டுவந்து 1861 இலும் 1865 இலும் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான இளைய லைனஸ் யேல். பூட்டின் நடுவே சுழலும் ஓர் உருளை உண்டு. திறப்பு நுழையும் பிளவு அந்த உருளையிலேதான் இருக்கிறது. உருளைக்கும் அதைச் சுற்றியுள்ள உடலுக்கும் குறுக்கே நான்கு அல்லது ஐந்து சிறிய பித்தளை முளைகள் நிற்கும். ஒவ்வொரு முளையும் இரு துண்டாக இருக்கும். பின்னாலிருந்து ஒரு சுருள்வில் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சரியான திறப்பு உள்ளே போனால் அதன் பற்கள் ஒவ்வொரு முளையையும் வேண்டிய அளவுக்கு உயர்த்தும். இரு துண்டுகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வரும்போது உருளை சுழலும்.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் விளங்கும். முறிந்த துண்டை உள்ளே பிடித்து வைத்திருப்பவை அந்த முளைகளே. அவை திறப்பின் பள்ளங்களில் இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. உருளை நேராக நின்றால், துண்டை இழுக்கும்போது பற்களின் சரிவில் ஏறி முளைகள் வழிவிடும். ஆனால் உருளை சற்றேனும் திரும்பி நின்றால் முளைகள் மேலே எழ இடமில்லை. அப்போது குறடு கொண்டு இழுத்தாலும் துண்டு அசையாது, பூட்டுத்தான் கெடும். நாம் கண்டவரை, கெட்டுப்போன பூட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை அறியாமல் இழுத்ததனாலேயே கெட்டன.

எனவே அன்று நாம் முதலில் செய்தது ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்ததுதான். பிளவு சற்று வலப்பக்கம் சாய்ந்து நின்றது. மெல்லிய திருப்புளியின் நுனியைப் பிளவின் வாயில் வைத்து, உட்பக்கம் அழுத்தாமல், மெதுவாக நேர்நிலைக்குத் திருப்பினோம். பின்பு மண்ணெண்ணெய். போத்தலைக் கவிழ்க்க வேண்டாம். தென்னை ஈர்க்கைத் தோய்த்து அதன் நுனியால் நாலைந்து துளி விட்டால் போதும். இருபது நிமிடம் பூட்டை அப்படியே விட்டுவிட்டோம். தகப்பனாருக்கு அந்த இருபது நிமிடந்தான் பெரிய சோதனையாக இருந்தது. துரு இளகுவதற்கு வேண்டியது காலம், பலம் அல்ல.

அதற்கிடையில் துண்டை எடுக்க அவசரப்படாமல் இன்னொன்றையும் யோசித்தோம். துண்டு முழு ஆழத்தில் இருக்கிறது. திறப்பு வாயருகிலேதான் முறிந்திருக்கிறது. அப்படியானால் முளைகள் எல்லாம் சரியான உயரத்தில்தானே நிற்க வேண்டும்? தலை இல்லை என்பதைத் தவிர அது இன்னமும் திறப்புத்தான். மண்ணெண்ணெய் ஊறிய பின் அதே திருப்புளியை வாயில் வைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துத் திருப்பினோம். மூன்றாம் முறை வளையம் துள்ளி எழுந்தது. பெட்டி திறந்தாயிற்று, அதன்பின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வேலை செய்யலாம். முதலில் திறக்கப் பாருங்கள், துண்டை எடுப்பது பிறகு. இது எப்போதும் கைகொடுக்காது. திறப்பு உள்ளே முதற் பள்ளத்திலேயே முறிந்திருந்தால் முன் முளை தாங்க ஆளின்றி இறங்கிவிடும், உருளை சுழலாது. அப்போது துண்டை எடுத்தே ஆகவேண்டும்.

துண்டை எடுக்க நாம் பயன்படுத்தியது, தச்சர்கள் பலகையில் வளைவுகளை அறுக்கப் பாவிக்கும் நூல்போன்ற வாள் அலகு. சிலாபம் பட்டினத்து இரும்புக் கடையில் வாங்கியது. பழைய ஹக்சோ பிளேட்டை அரக்கல்லில் தேய்த்து ஒடுக்கியும் இதனைச் செய்யலாம்; தேய்க்கும்போது கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலகின் பற்கள் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பற்கள் மறுபக்கம் நோக்கினால் அது துண்டை உள்ளே தள்ளும். உருளை நேர்நிலைக்கு வந்துவிட்டதா என்று மறுபடி பார்த்த பின் (சிறிய பூட்டுகளில் அது தானாகவே திரும்பிவிடும், கனமான சிலவற்றில் வளையத்தைத் திரும்ப அழுத்தினால்தான் திரும்பும்), அலகைத் திறப்புத் துண்டின் ஓரமாக, பற்கள் உள்ள பக்கத்தில், உள்ளே நழுவவிட்டோம். பின் அலகைச் சற்று முறுக்கி, அதன் பல் துண்டைக் கௌவியதும், நேராக வெளியே இழுத்தோம். இரண்டு முறை வழுக்கியது. பின்பு, திறப்பின் பற்கள் இருக்கும் பக்கம் கீழே வரும்படி பூட்டைப் பிடித்து, மரக்கட்டையில் இலேசாகத் தட்டினோம். தட்டும்போது முளைகள் ஒரு கணம் துண்டைவிட்டு விலகும். அடுத்த இழுப்பில் ஒரு நெல்மணி அளவு துண்டு வெளியே தலைகாட்டியது. சாவணத்தால் பிடித்து எடுத்துவிட்டோம். பதற்றமில்லாத கை வேண்டிய வேலை. எமக்கு உதவியது பதினொரு வயது மகள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கையிலிருக்கும் திறப்பின் தலைப்பாதியை உள்ளே விட்டு மற்றப் பாதியோடு பொருத்திப் பார்ப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை; அது துண்டை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். தீக்குச்சி நுனியில் சுப்பர் குளூ தடவி ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒரு துளி பசை முளையில் பட்டால் அந்தப் பூட்டின் கதை முடிந்தது. காந்தம் சில வேளை உதவும், ஆனால் பெரும்பாலான தட்டைத் திறப்புகள் பித்தளை. பித்தளையைக் காந்தம் இழுக்காது. கையிலுள்ள தலையில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பழைய றங்குப் பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் இருக்கும் குழாய்த் திறப்புப் பூட்டுகளின் சங்கதி வேறு. தமிழ்நாட்டில் பெயர்பெற்ற திண்டுக்கல் பூட்டும் இந்த வகையைச் சேர்ந்தது. 2019 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் தொழிலாளர் குறைந்துபோன காலத்தில் கிடைத்த மரியாதை. இவற்றில் முளைகளுக்குப் பதிலாகத் தட்டு நெம்புகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை திறப்பை வாயிலே பிடித்து வைப்பதில்லை. முறிந்த சிமிழ் உள்ளே வெறுமனே கிடக்கும். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக் குலுக்கினால் பல வேளை தானாக விழும். திறப்பு இரும்பாயின் காந்தம் இங்கே நன்றாக வேலை செய்யும். பாதி சுழன்ற நிலையில் முறிந்திருந்தால், நுனி வளைத்த துவிச்சக்கர வண்டிக் கம்பியால் அதைப் பின்னோக்கித் தள்ளி வாய்க்கு நேரே கொண்டுவர வேண்டும்.

இனி, திறப்பு ஏன் முறிகிறது? திறப்பில் பெலம் குறைந்த இடம் மிக ஆழமான பள்ளம். திறப்பையே பிடியாக்கிக் கதவை இழுக்கும்போதும், இறுகிய பூட்டில் அதை முறுக்கும்போதும் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுகிறது. பின்பு ஒருநாள் சும்மா திருப்பும்போதே முறிந்துவிடும். எமது பகுதியில் பூட்டு இறுகுவதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. கடற்காற்றின் உப்பு, தெதுரு ஓயாப் பக்கத்து மணல், அதற்குமேல் தேங்காய் எண்ணெய். தென்னை வளரும் நாட்டில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் என்பது எமது பழக்கம். தலைக்கு நல்லது, பூட்டுக்கு ஆகாது. ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி, தை மாத விடியற்காலைகளில் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதோடு தூசியைப் பிடித்துப் பசையாகி முளைகளை ஒட்டவைக்கும்.

வெளியே தொங்கும் பூட்டுக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய், மாரிக்கு முன் ஒன்று, மாரிக்குப் பின் ஒன்று. வீட்டுக்குள் உள்ள அலுமாரிப் பூட்டுக்கு பென்சில் கரியைத் திறப்பின் பற்களில் தேய்த்து நாலைந்து தடவை நுழைத்து எடுத்தால் போதும். பென்சில் கரியின் முக்கிய சரக்கான காரீயம் இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து உலகுக்குப் போகும் பொருள். எண்ணெயையும் கரியையும் ஒரே பூட்டில் சேர்க்க வேண்டாம், சேறாகிவிடும்.

முறிந்த இரு துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். திறப்பு வெட்டுபவர் இரண்டையும் சேர்த்துவைத்துப் புதியது வெட்டித் தருவார். ஒட்டவைத்த திறப்பை மட்டும் மறுபடி பூட்டுக்குள் விடவேண்டாம். ஒன்றுக்கு இரண்டாக வெட்டுவித்து, வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

இவ்வளவு செய்தும் முடியாத பூட்டுகள் இருக்கின்றன. அப்போது ஹக்சோவால் வளையத்தை அறுங்கள். நாதாங்கியையும் பெட்டியையும் தொடவேண்டாம். பூட்டு போனால் இன்னொன்று வாங்கலாம். காணி உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெற எத்தனை நாள் அலைந்தார்கள் என்பதை நாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அது கிடைக்கும், ஆனால் பதிவு இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரியாவிட்டால் தேடுவது கடினம். ஆகவே அன்று பெட்டி திறந்திருந்த வேளையிலேயே அந்தக் குடும்பத்தாரிடம் உறுதி இலக்கத்தையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுவித்தோம். பத்திரங்களின் போட்டோப் பிரதிகள் இப்போது தாயின் தமக்கை வீட்டில் இருக்கின்றன.

மறுநாள் பத்திரங்களோடு உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆமைப்பூட்டு அதே பெட்டியில் இன்னமும் தொங்குகிறது. முன்னேஸ்வரம் கோயில் திருவிழா நாட்களில் குடும்பமாக வெளியே போகும்போது அதைத்தான் பூட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டாவது திறப்பு எங்கே இருக்கிறது என்பது எமக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டோம்.