டிபரன்சல் ஒயிலை மாற்றுதலும் மூடியைக் கசிவின்றிப் பொருத்துதலும்

பாடம்: வடிவமைப்பும் இயந்திரவியல் தொழினுட்பவியலும்
அலகு: மோட்டார் வாகனப் பராமரிப்பு



இப்பகுதியில் படிமுறைகளை மட்டும் மனனம் செய்தால் போதாது. ஒவ்வொரு படிமுறைக்கும் "ஏன்?" என்ற வினாவுக்கு விடை கூறக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. டிபரன்சலின் தொழில்

வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் செல்லும். எனவே இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்க வேண்டும். இதனைச் செய்வதே டிபரன்சல் ஆகும். பிரான்சியரான பெக்கர் 1827 இல் இதனை நீராவி வாகனத்திற்காக வடிவமைத்தார்.

உதாரணம்: முடிப் பற்சில்லு (கிரவுண் வீல்) நிமிடத்திற்கு 200 சுற்றுச் சுழல்கிறது. உட்பக்கச் சில்லு 180 சுற்றாயின், வெளிப்பக்கச் சில்லு 220 சுற்றாகும். இரண்டினதும் சராசரி எப்போதும் 200 ஆகும்.

2. ஒயிலின் தேவை

பினியனின் பற்களும் முடிப் பற்சில்லின் பற்களும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடி பெரும் அமுக்கத்துடன் தொடுகின்றன. சாதாரண எஞ்சின் ஒயிலின் படலம் இங்கு அறுந்துவிடும். ஆகவே கந்தக, பொசுபரசுச் சேர்வைகள் கலந்த ஜீஎல்-5 தரக் கியர் ஒயில் பயன்படுகிறது. பாகுத்தன்மைக்கு 80டபிள்யூ-90 என்பது பொதுவான உதாரணமாகும். சரியான தரத்தையும் மாற்றும் தூரத்தையும் வாகனக் கைநூலிற் பார்க்க வேண்டும்.

3. நீர் புகும் விதம்

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு வாகனங்கள் இலகுவாகச் செல்கின்றன. எனினும் மாரியில் வாவியோரத் தாழ்நில வீதிகள் நீரில் மூழ்குவதுண்டு. 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தை உங்கள் வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள்.

ஓடி வந்த வாகனத்தின் டிபரன்சல் சூடாக இருக்கும். அது வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் வளி குளிர்ந்து அமுக்கம் குறையும். வளித்துவாரம் (பிறீதர்) அடைபட்டிருந்தால், தேய்ந்த ஒயில் சீல் வழியாக நீர் உறிஞ்சப்படும். துவாரமே நீரில் மூழ்கினால் அதன் வழியாகவும் நீர் புகும். உவர் நீராயின் போதிகைகள் (பெயாரிங்) விரைவில் துருவேறும். வாகனம் அன்று நன்றாக ஓடும். இரைச்சல் சில மாதங்களின் பின்னரே கேட்கும். அப்போது ஒயிலை மாற்றினாலும் பயனில்லை, பாகங்களையே மாற்ற நேரிடும். எனவே வெள்ளத்தில் ஓடிய வாகனத்தின் டிபரன்சல் ஒயிலை உடனே பரிசோதிக்க வேண்டும்.

4. படிமுறைகள்

(அ) சிறிது தூரம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்குக. சமதரையில் நிறுத்தி, கைத்தடையிட்டுச் சில்லுகளுக்குக் கட்டை வைக்க. ஜக்கினால் மட்டும் தாங்கிய வாகனத்தின் கீழ் ஒருபோதும் செல்லற்க.

(ஆ) முதலில் நிரப்பும் பிளக்கைத் திறக்க. வடித்த பின்னர் அது திறபடாவிட்டால் புதிய ஒயிலை ஊற்ற முடியாது.

(இ) வடிக்கும் பிளக் இருப்பின் அதனைத் திறக்க. இல்லையேல் மூடியின் கீழ்ப்பக்கப் போல்ட்டுகளைக் கழற்றி, மேலே இரண்டைத் தளர்த்தி விட்டு, மூடியை மெதுவாக விலக்கி வடிக்க. பல யப்பானிய வேன்களில் கழற்றக்கூடிய பின்மூடி இல்லை. பிளக் மட்டுமே உண்டு.

(ஈ) ஒயிலை அவதானிக்க. பால்கோப்பி நிறம் – நீர் கலந்துள்ளது. காந்தப் பிளக்கில் மென்மையான சாம்பல் நிறப் பசை – வழமையான தேய்வு. உலோகத் துண்டுகள் – பல் அல்லது போதிகை உடைந்துள்ளது.

(உ) பழைய கஸ்கட்டையும் சிலிக்கனையும் மேற்பரப்பு கீறுபடாமல் சுரண்டி அகற்றுக. இரு பரப்புகளையும் எண்ணெய்ப்பசை அற்றதாகத் துடைக்க. எண்ணெய்ப் பரப்பில் சிலிக்கன் ஒட்டாது.

(ஊ) ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பில் சிலிக்கனை இடைவெளியின்றி, போல்ட் துளைகளின் உட்பக்கமாகச் சுற்றி இடுக. அதிகமானால் உட்பக்கம் பிதுங்கி ஒயிலில் விழும்.

(எ) மூடியை உடனே பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. ஒரு பக்கமாக இறுக்கினால் மூடி வளைந்து கசியும்.

(ஏ) சிலிக்கன் வளியிலுள்ள ஈரப்பதனால் இறுகும். குழாயிற் குறிப்பிட்ட நேரம் வரை காத்திருக்க.

(ஐ) நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஒயில் ஊற்றிப் பிளக்கை இறுக்குக. வளித்துவாரத்தைச் சுத்தம் செய்க. ஓட்டிப் பார்த்துக் கசிவைப் பரிசோதிக்க.

5. கழிவு ஒயில்

கழிவு ஒயிலைக் கானில் ஊற்றினால் மழையோடு வாவியைச் சென்றடையும். நீரின் மேல் படலமாகப் பரவி ஒட்சிசன் கரைவதைத் தடுக்கும். அதனால் பாதிப்படைவது இறாலும் நண்டும் மீனும், அவற்றை நம்பிய மீனவக் குடும்பங்களுமே. மூடிய கொள்கலனில் சேகரித்து, கழிவு ஒயில் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. நிரப்பும் பிளக்கை முதலில் திறப்பதற்கான காரணம் யாது?
விடை: வடித்த பின்னர் புதிய ஒயிலை ஊற்ற முடியும் என்பதை உறுதி செய்வதற்கு.

2. பினியனில் 10 பற்களும் முடிப் பற்சில்லில் 41 பற்களும் உள்ளன. பற்சில்லு விகிதம் யாது?
விடை: 41 ÷ 10 = 4.1, அதாவது 4.1 : 1.

3. வெள்ளத்தில் ஓடிய வேனின் டிபரன்சல் ஒயில் பால்கோப்பி நிறமாகக் காணப்பட்டது. காரணம் ஒன்றும் செய்ய வேண்டியவை மூன்றும் தருக.

மூன்றாம் வினாவுக்கான விடையை 3, 4 ஆம் பகுதிகளின் துணையுடன் நீங்களே எழுதிப் பாருங்கள். "ஒயிலை மாற்றுதல்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நீர் புகுந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதும் விடையில் இடம்பெற வேண்டும்.