கீழாநெல்லி

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, ஒரு செம்மண் மேடு உள்ளது. 1968ஆம் ஆண்டு ஆரோவில் தோன்றியபோது, அம்மேடு மழைநீர் அரித்த வறண்ட நிலமாய்க் கிடந்தது. பலர் உழைப்பால் அது இன்று சோலையாக விளங்குகிறது. ஆயினும், இப்பகுதியில் எவரும் நடாமலே, மழைக்குப்பின் தானே முளைக்கும் சிறு செடி ஒன்று உண்டு. அதுவே கீழாநெல்லி. நெல்லிக்காய் வடிவில் கடுகினும் சற்றே பெரிய காய்கள் இலைகளின் கீழே வரிசையாய் அமைந்திருப்பதால், அஃது இப்பெயர் பெற்றது.

மஞ்சள் காமாலை கண்டவருக்கு இச்செடியை அரைத்து மோரிலோ பாலிலோ கலந்து கொடுப்பது தமிழ்நாட்டு வழக்கம். உப்பும் எண்ணெயும் நீக்கிய பத்தியமும் உடன் உண்டு.

இவ்வழக்கத்தை அறிவியல் சோதிக்காமல் விடவில்லை. கல்லீரலைத் தாக்கும் 'பி' வகை வைரசைக் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும், சென்னைப் பல்கலைக்கழக அறிஞர் தியாகராசன் முதலியோரும் இதனை ஆராய்ந்தனர். அவ்வைரசைக் குருதியில் கொண்டிருந்தோருள் ஒரு சாராருக்குக் கீழாநெல்லித் தூளும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லா வெறுந்தூளும் 30 நாள் அளித்தனர். மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடம் வைரசின் அடையாளம் மறைந்தது. மற்ற 23 பேருள் ஒருவரிடமே மறைந்தது. 1988இல் வெளிவந்த இம்முடிவு உலகை வியக்கச் செய்தது. ஆனால், பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகள் பலவற்றில் அத்தகைய பயன் காணப்படவில்லை. எனவே, இதனை உறுதியான மருந்தென மருத்துவ உலகம் இன்னும் ஏற்கவில்லை.

அங்ஙனமாயின், செடியை உண்டு நலம்பெற்றோர் கூறுவது பொய்யோ? அன்று. காமாலை என்பது தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. 'ஏ' வகை வைரசால் வருவது பெரும்பாலும் ஓய்வாலும் நல்லுணவாலும் தானே நீங்கும். பித்தநாளத்தைக் கல் அடைத்தாலோ அது தானே நீங்குமென்று காத்திருத்தல் தகாது. 'பி' வகையோ பல்லாண்டு ஒளிந்திருந்து கல்லீரலைக் கெடுக்கவும் கூடும். அதனைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. கண் மஞ்சளித்தவுடன் குருதியைச் சோதித்துக் காரணம் அறிவதே முதற்கடமை. செடியை நம்பி நாளைக் கடத்துதல் உயிருக்கே இடராகலாம்.

முன்னோர் கண்டதை இகழ்தலும் முறையன்று. ஆராயாது ஏற்றலும் முறையன்று. காலடியில் வளரும் கீழாநெல்லி கற்பிக்கும் பாடம் இதுவே.