டிரங்குப் பெட்டியில் நிஜாம் நோட்டா?

ராமச்சந்திராபுரத்தில் வீடு மாற்றும்போது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஹைதராபாத் நிஜாம் அரசின், உருது எழுத்துள்ள ரூபாய் நோட்டு விழுகிறதா? ஏலத்துக்கு ஓடுமுன் கொஞ்சம் நில்லுங்கள்.

1. துடைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். அச்சு மங்கினால் விலையும் இறங்கும். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது; பசை காகிதத்தைப் பழுப்பாக்கும்.

2. பி.வி.சி. உறையைத் தவிருங்கள்; நாளடைவில் நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை நல்லது.

3. கையொப்பம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கள்ள நோட்டு என்று கிழித்துவிட வேண்டாம். 1922இல் மூழ்கிய 'எஸ்.எஸ். ஈஜிப்ட்' கப்பலில், நிஜாம் அரசுக்காக லண்டனில் அச்சிட்ட கையொப்பமில்லாத நோட்டுகளும் இருந்தன. பத்தாண்டு கழித்துக் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட அந்த நோட்டுகளுக்கு, உப்புநீர்க் கறையோடும் கிராக்கி உண்டு!

4. வங்கி கவுண்டரில் நீட்டாதீர்கள். இந்த நோட்டுகளின் பணமான ஹைதராபாத்தின் ஒஸ்மானியா சிக்கா ரூபாய் 1959லேயே புழக்கத்திலிருந்து போய்விட்டது. இன்று விலை வைப்பவர் சேகரிப்பாளர்தான்.

5. "ரிசர்வ் வங்கி கட்டணம், முதலில் கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் போனை வையுங்கள். தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க எவருக்கும் அனுமதியில்லை என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்தது.

6. ஏல நிறுவனத்திடம் கொடுக்குமுன் இருபுறமும் படமெடுத்து, வரிசை எண்ணைக் குறித்து, கமிஷன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். விற்ற பிறகு தகராறு வராது.