இருதயச் சுவர் கிழிதலும் வால்வு அறுதலும்

கரிசற்காட்டில் புரட்டாசியும் ஐப்பசியும் விதைப்புக்குரிய மாதங்கள். ஈரம் காயுமுன் விதைக்கத் தவறினால் ஓராண்டு வெள்ளாமை போய்விடும். ஆதலின் அந்நாட்களில் நெஞ்சில் வலி கண்டாலும் அதனை வாயு என்று கருதி, சோடா அருந்திவிட்டுக் காட்டுக்குச் செல்வோர் கோவில்பட்டி வட்டாரக் கிராமங்களில் உண்டு. அவ்வாறு கடத்திய ஓரிரு நாட்களே சிலருடைய உயிருக்கு இறுதியாகிவிடுகின்றன. அதற்குரிய காரணங்களுள் ஒன்றான இருதயக் கிழிவைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

இருதயத்தின் அமைப்பு

இருதயம் தசையாலான ஒரு பம்பு. அதில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள புட்வால்வு, ஏறிய நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுப்பதுபோல, இவ்வால்வுகள் இரத்தம் பின்னோக்கி ஓடாமல் காக்கின்றன. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் மறுபுறம் மடங்கிவிடாதபடி மெல்லிய நாண்கள் அவற்றைத் தசைக் காம்புகளோடு பிணைத்து வைத்துள்ளன. இருதயம் முழுவதையும் ஓர் உறை மூடியிருக்கிறது.

காரணங்கள்

முதற்காரணம் மாரடைப்பு. இருதயத்துக்கு இரத்தம் தரும் குழாய் அடைபட்டால், அதனை நம்பியிருக்கும் தசை மடிகிறது. கண்மாயில் நீர் நிறைந்து நிற்கையில், ஊறித் தளர்ந்த இடத்தில் கரை உடைவதைக் கண்டிருக்கிறோம். மடிந்த தசையும் அவ்வாறே மென்மையாகி, உள்ளிருக்கும் அழுத்தம் தாளாமல் கிழிகிறது. வெளிச்சுவர் கிழிந்தால் இரத்தம் உறைக்குள் நிரம்பி இருதயத்தை நெருக்க, சில நிமிடங்களில் மரணம் நேரலாம். நடுச்சுவர் கிழிந்தால் இடப்பக்க இரத்தம் வலப்பக்கம் பாயும். தசைக் காம்பு அறுந்தால் மைட்ரல் வால்வு மூடாது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

இக்கேடுகள் பெரும்பாலும் முதல் நாளிலோ முதல் வாரத்துக்குள்ளோ நேர்கின்றன. ஆகவே வலி நின்றுவிட்டதனால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுதல் பெருந்தவறு. முதியோர், பெண்கள், இரத்த அழுத்தம் உடையோர், முதன்முறை மாரடைப்புக்கு உள்ளானோர், காலந்தாழ்த்திச் சிகிச்சைக்கு வந்தோர் ஆகியோருக்கு இந்த அபாயம் மிகுதி.

இரண்டாவது காரணம் கிருமிகள். சிறுவர்க்கு வரும் ஒருவகைத் தொண்டைப்புண், கவனியாது விட்டால் மூட்டுவலிக் காய்ச்சலாகி வால்வுகளைக் கெடுக்கும். கெட்ட வால்வில் பின்னர் பல் ஈறு, புண் முதலியவற்றின் வழியே கிருமி தங்கினால் இதழ்கள் ஓட்டையாகும், நாண்களும் அறும். மூன்றாவது காரணம் அடி. வாகன விபத்து, மாடு முட்டுதல், உயரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றால், வெளியே காயம் தெரியாமலே உள்ளே சுவரோ வால்வோ கிழியக்கூடும்.

கண்டறியும் முறை

1760-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜ் திடீரென இறந்தார். அவருடைய உடலைச் சோதித்த மருத்துவர் நிக்கல்ஸ், வலது கீழறை கிழிந்து உறை முழுவதும் இரத்தம் உறைந்திருக்கக் கண்டார். அக்காலத்தில் இறந்தபின் மட்டுமே அறியக்கூடியதாயிருந்த இந்நோயை இன்று உயிரோடிருக்கையிலேயே கண்டறியலாம். நெஞ்சுவலி கண்டவருக்கு மீண்டும் வலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, கழுத்து நரம்புப் புடைப்பு ஆகியவை திடீரெனத் தோன்றினால் ஐயுறவேண்டும். முன்பு இல்லாத இரைச்சலை மருத்துவர் மார்பில் கேட்கக்கூடும். ஈ.சி.ஜி. மாரடைப்பைக் காட்டும். கிழிவு எங்கே, உறையில் இரத்தம் உண்டா, வால்வு மூடுகிறதா என்பவற்றை எக்கோ பரிசோதனை படுக்கையருகிலேயே காட்டிவிடும்.

சிகிச்சை

கிழிந்த சுவர் மருந்தினால் கூடாது. அறுவைச் சிகிச்சையே வழி. 1956-இல் அமெரிக்க மருத்துவர் டென்டன் கூலி, மாரடைப்பால் கிழிந்த நடுச்சுவரை அறுவைச் சிகிச்சையால் மூடினார். இன்றும் இச்சிகிச்சை ஆபத்து மிகுந்ததே. அறுந்த வால்வைச் செப்பனிடலாம். இயலாவிடில் செயற்கை வால்வு பொருத்தலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில், முதல் மூன்று வடிவங்கள் பயன்படாமற்போகவே நான்காவதாக உருவாக்கிய ‘சித்ரா’ வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வால்வு பெற்றவர்கள் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை வாழ்நாள் முழுவதும் தவறாது உட்கொண்டு, இரத்தப் பரிசோதனையும் செய்துவர வேண்டும்.

ஆயினும் கரை உடைந்தபின் அடைப்பதைவிட உடையாமற் காப்பதே எளிது. அடைப்பைக் கரைக்கும் மருந்தோ, குழாயைத் திறக்கும் சிகிச்சையோ முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால் தசை பிழைக்கிறது. முன்னாளில் மாரடைப்பு நோயாளிகளுள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை நடுச்சுவர் கிழிவுக்கு ஆளாயினர்; இச்சிகிச்சைகள் வந்தபின் ஆயிரத்துக்கு இருவர் மூவராக அது குறைந்துள்ளது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு தொகுதிகளாகச் சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தனர்.

நாம் செய்யவேண்டுவன

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை ஆகியவை கண்டவுடன் 108 வாகனத்தை அழைக்கவேண்டும். நோயாளியை நடக்கவிடலாகாது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் முதலிய முதற்கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன. அடிபட்டவர்க்கு ஆஸ்பிரின் தீங்காகக் கூடுமாதலால், தாமாக மருந்து கொடுத்தல் கூடாது. கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து தேவைப்பட்டால் திருநெல்வேலி அல்லது மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் விரைந்து செல்லுதல் முறை.

ஊராட்சிகள் செய்யக்கூடியவையும் பல. காட்டுப்பாதைகளும் தெருக்களும் மழைக்காலத்திலும் ஆம்புலன்ஸ் வரத்தக்கவையாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத, தகுதியுள்ள குடும்பங்களைக் கிராமசபையில் கேட்டறிந்து உதவலாம். மூட்டுவலிக் காய்ச்சல் கண்ட சிறுவர்களுக்கு, மருத்துவர் குறித்த காலம்வரை, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடவேண்டிய பென்சிலின் ஊசி தவறாதபடி கிராம செவிலியரோடு சேர்ந்து கவனிக்கலாம். இரத்த அழுத்தச் சோதனைக்கு வயதானோரை அழைத்து வரலாம். பீடி, புகையிலையை விடும்படி இளைஞர்க்கு எடுத்துரைக்கலாம்.

ஒருவர் மருத்துவமனைக்குச் சென்ற நாளில் அவருடைய காட்டு விதைப்பை அண்டை அயலார் செய்து கொடுப்பதாக ஊரில் ஓர் ஏற்பாடு இருக்குமானால், வலியை மறைத்துக்கொண்டு ஏர் பின்னும் டிராக்டர் மீதும் நிற்கவேண்டிய நிலை எவருக்கும் நேராது.